கப்பலேறிய தவளைக் கால்கள்

“…சரி, காலு ரெண்டும் கப்பல்ல ஏறிப் போகுது. வெள்ளைக்காரன் காசு குடுத்து வாங்கித் திங்கிறான். அதெல்லாம் வெளங்குது. மிச்சத்தை என்ன செய்றீக?”

கேட்டவர் என் தாய்மாமனுக்குப் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த மனுசர். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி. எங்கள் தகரக் கொட்டகைக்குள், தோளில் துண்டோடு நின்று கேட்டார். மாமாவின் வலது கை முழங்கை வரைக்கும் ஈரச் சாக்குக்குள் இருந்தது. சாக்குக்குள்ளே தவளை.

எத்தனையோ வருசம் அந்தத் தொழிலில் கிடந்தோம். பிடித்துக் கொடுத்தவர்கள், லாரிக்காரர், கொச்சிக் கம்பெனிக்காரர்கள் ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எங்களுக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றினதில்லை. தை மாசம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த வீட்டுப் பெரியவர் வந்து கேட்கிறார். பதில் பிசகினால் மாமாவின் கல்யாணம் அந்தக் கொட்டகை வாசலோடு முடிந்துபோகும். அவர் எப்படி அங்கே வந்து நின்றார் என்பதைச் சொல்லாமல் அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னால் உங்களுக்கு ருசிக்காது. அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. கொச்சியில் இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனிகள் அப்போது வரிசையாக இருந்தன. அதே மெஷினில், அதே குளிர் அறையில், இறாலுக்கு அடுத்தபடியாக அவர்கள் உறைய வைத்தது தவளைக் கால். பிரான்சு, பெல்ஜியம் என்று தவளைக் காலை விரும்பித் தின்கிற தேசங்கள் இருந்தன. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலோ பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. வருசத்துக்கு இரண்டு போகம் நெல். நெல் இருந்தால் பூச்சி, பூச்சி இருந்தால் தவளை. உள்ளங்கையில் வைத்தால் விரல் தாண்டிக் கால் தொங்குகிற பெரிய பச்சைத் தவளை. தண்ணீர் நிற்கிற வயலில் காலை வைத்தால் காலடியிலிருந்து துள்ளும்.

ஒருநாள் கம்பம் சந்தையில் ஒரு மலையாளத்து ஏஜென்ட் வந்து நின்று, தவளை வேண்டும் என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் அதுவரைக்கும் வாழை இலைக் கட்டு வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். “ஏலே மருமவனே, வாழை நட்டு, தண்ணி பாய்ச்சி, காத்துல கிழியாமக் காவல் காத்து ஒரு இலைய அறுக்கிறோம். இது தானா பொறந்து தானா வளந்து தானா வந்து காலடியில குதிக்குது. இதுக்குப் போயி சிரிக்கிறானுக” என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம் கொஞ்சம்தான். உறவு முறைக்குத்தான் அவர் மாமா, மற்றபடி கூட்டாளிகள். காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, வாய்க்கால் கரையோரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம்.

முதல் லோடு அனுப்பின கதையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். உறைய வைக்கிற சரக்கு என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போனானா, நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம். குளிர்ச்சியாகப் போக வேண்டிய சரக்கை ஊரிலிருந்தே குளிர்ச்சியாக அனுப்பினால் கம்பெனிக்காரனுக்கு வேலை மிச்சம்தானே? தேனியில் ஐஸ் பாக்டரிக்குப் போய் ஐஸ் பார் வாங்கி வந்தோம். உடைத்தோம். அடியில் உமி, மேலே ஐஸ், அதற்கு மேலே தவளை, மறுபடி உமி, மறுபடி ஐஸ். சுப முகூர்த்தத்துக்குச் சீர் அனுப்புகிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டினோம். சாக்கெல்லாம் அமைதியாக இருந்தது. நல்லபடியாக உறைந்துகொண்டிருக்கிறது என்று மாமா சந்தோசப்பட்டார்.

கொச்சியில் கம்பெனிக்காரர் சாக்கை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் கொட்டினார். ஒன்றுகூடத் துள்ளவில்லை. எல்லாம் விறைத்துச் செத்துக் கிடந்தது. அவர் என்னையும் பார்த்தார், உமியையும் பார்த்தார். உயிரோடு வந்தால்தான் எடுப்போம், செத்துக் கிடந்தது எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும், அதை வெட்டிக் கப்பலேற்றினால் அந்தக் கரையில் சோதித்துப் பார்த்துக் கப்பலோடு திருப்பி விடுவார்கள் என்று விளக்கினார். நான் வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம வேலை உசுரைக் கொண்டு சேக்குறது. அவுக வேலை குளிரைக் கொண்டு சேக்குறது. ரெண்டையும் நாமளே செய்யப் பாத்தோம்” என்றார். அதற்கப்புறம் ஐஸ் பக்கமே போகவில்லை. சாக்கை நனைத்து, பூவாளியால் தண்ணீர் தெளித்து, காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகப் போகிற லாரியின் மேல்தட்டில் போட்டு அனுப்பினோம். அந்த லாரி டிரைவர் சொல்வார்: “கீழ முட்டைக்கோசு, வாயத் தொறக்காது. மேல உங்க ஆளுக, வாய மூட மாட்டேங்குறாக.”

மாமா கொச்சிக்குப் போனதே இல்லை. மலை ஏறினால் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். லோடோடு போய் வருவது என் வேலை. அங்கே பார்த்ததை வந்து சொல்லுவேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார்.

கம்பெனியில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வெள்ளைத் துணி. தவளையை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மயங்க வைப்பார்கள். இடுப்போடு கால் இரண்டும் ஒரு துண்டாக வெட்டுப்படும். கழுவி, தோலைக் காலுறை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பில் உருவி, பாலிதீன் பையில் சுற்றி, மெழுகு பூசின அட்டைப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் பெட்டிகளை இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து மெஷினை ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பெட்டி கல்லாகிவிடும். அப்புறம் குளிர் அறை. வேலையாட்கள் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் வருவார்கள். எனக்கும் ஒருதரம் கோட்டு கொடுத்து உள்ளே விட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றிருப்பேன். மூக்குக்குள் மயிர் குத்திக்கொண்டு நின்றது. மேகமலையில் மார்கழி மாசம் படுத்திருக்கிறேன், அது குளிர். இது வேறே. இதில் ஈரமே இல்லை, வாசனையே இல்லை. எல்லாம் அப்படி அப்படியே நிறுத்தி வைக்கப்பட்ட மாதிரி.

அந்தக் குளிர் அறைக்குப் பொறுப்பு ஒரு மலையாளத்து அம்மா. குள்ளம், பெரிய குரல். கதவை யாராவது ஒரு விநாடி கூடத் திறந்து வைத்திருந்தால் கத்துவார். “தணுப்பு போயால் எல்லாம் போயி” என்பது அவருடைய மந்திரம். குளிர் போனால் எல்லாம் போச்சு. எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: இந்த அறையிலிருந்து குளிர் வண்டிக்கு, வண்டியிலிருந்து கப்பலின் குளிர் கிடங்குக்கு, கப்பலிலிருந்து அந்தக் கரையின் குளிர் அறைக்கு, அங்கிருந்து கடைக்கு. எங்கேயும் குளிர் அறுந்து போகக் கூடாது. நடுவில் ஒருதரம் இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்கலாம், திரும்பவும் கல்லு மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே சாறு போயிருக்கும், கெட்டது புகுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதுதான் ஆபத்து.

துறைமுகத்தில் அந்த மாதிரிக் கப்பல் ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். வெள்ளை அடித்த கப்பல். நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாயங்காலம் வரை சில்லென்று வைத்திருக்க மண்பானையும் மணலும் வேண்டும். இவர்கள் வெயில் கொளுத்துகிற கடல் மேலே, வயிற்றுக்குள் ஒரு மார்கழியைத் தூக்கிக்கொண்டு வாரக்கணக்கில் போகிறார்கள். கப்பலில் இருக்கிற மெஷின்காரன் தூங்கிவிட்டால் எங்கள் வாய்க்கால் தவளை நடுக்கடலில் நாறிவிடும். மாமாவிடம் இதைச் சொன்னபோது, “அவனும் நம்மள மாதிரித்தேன், தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கான்” என்றார்.

அந்தக் கம்பெனிக்குப் பின்பக்கமும் ஒருதரம் போனேன். கக்கூஸ் தேடிப் போனது. அங்கே ஒரு குவியல் இருந்தது. காக்கை கூட்டம். அதை மட்டும் மாமா கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

இனி கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். மாமாவுக்கு அப்பா அம்மா கிடையாது. அவருடைய அக்கா, அதாவது என் அம்மாதான் பெண் பார்க்க வேண்டும். ஆளு பார்க்க லட்சணமாக இருப்பார், குடி கிடையாது, சொந்தமாகத் தொழில். ஆனால் “மாப்பிள்ளைக்கு என்ன சோலி?” என்று கேட்ட இடத்திலேயே பேச்சு படுத்துவிடும். தவளை என்றதும் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போவார்கள், உள்ளேயிருந்து சிரிப்பு வரும். சின்னமனூரில் ஒரு வீட்டில் பெண்ணின் சித்தி எங்கள் காதுபடவே கேட்டது: “மாப்பிள்ளை கையப் புடிச்சா வழுக்காதாக்கும்?” வருகிற வழியெல்லாம் மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் சீயக்காய் போட்டுக் கை தேய்ப்பது வழக்கமாயிற்று. எங்கள் சனம் கறி மீன் தின்கிற சனம்தான். ஆனால் தவளை அந்தக் கணக்கில் வராது. அது மழையைக் கூப்பிடுகிற சீவன். அதை அறுக்கக் கொடுக்கிறவன் வீட்டில் எப்படிப் பொண்ணைக் கொடுப்பது?

வயசு முப்பதைத் தாண்டியது. அம்மா அழுதது. அப்போதுதான் ஆண்டிபட்டிப் பக்கத்து வரனைக் கல்யாணத் தரகர் கொண்டு வந்தார். வரும்போதே யோசனையோடு வந்தார். “ஏற்றுமதின்னு சொல்லுவோம். இங்கனயிருந்து கொச்சி போயி, ஐஸுல வச்சு, கப்பல்ல ஏறுதுன்னு சொல்லுவோம். இதுல எது பொய், சொல்லுங்க?” எங்களால் சொல்ல முடியவில்லை. ஒன்றும் பொய்யில்லை.

அவர்கள் வீட்டில் அப்படியே சொன்னார். காமயகவுண்டன்பட்டி, ஐஸ், கப்பல் மூன்றையும் சேர்த்துக் கேட்டவர்கள், திராட்சை என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரைச் சுற்றிப் பந்தல் பந்தலாகத் திராட்சைத் தோட்டம், வேறென்ன நினைப்பார்கள்? “அவுகளா முடிவு பண்ணிக்கிட்டா, நாம ஓடிப் போயி வாயப் பொத்தவா முடியும்” என்றார் தரகர். பெண் பார்க்கப் போனபோது ஒரு கூடை பன்னீர் திராட்சை வாங்கிப் போனோம். அடுத்த தடவையும் வாங்கினோம். மூன்றாம் தடவை தோட்டக்காரர், “என்னப்பா, கப்பலுக்கா?” என்று கேட்டார்.

பெண்ணுக்கு மாமாவைப் பிடித்திருந்தது. மாமாவுக்கு அதைவிட அதிகம். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்று அது கேட்டது: “கப்பல்ல அம்புட்டு நாள் போற பழம், அங்கன போய்ச் சேரும்போது பழமாத்தேன் இருக்குமா?” மாமா ஏதோ சொல்லிச் சமாளித்தார். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: “மருமவனே, அவ கேட்டதுல நெசம் இருக்கு. நான் சொன்னதுலதேன் இல்ல.” உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் நின்றார். அம்மா விடவில்லை. கழுத்தில் தாலி ஏறட்டும், அப்புறம் நீ தவளையைச் சொல்லு, பாம்பைச் சொல்லு, நான் கேட்கவே மாட்டேன் என்றது. தை மாசம் என்று பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று.

அந்த வருசம் ஐப்பசி மழை ஆண்டிபட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் வாய்க்கால் நிறையத் தண்ணீர். அங்கே கார்த்திகை பிறந்தும் புழுதி. அவர்கள் ஊரில் கூடி, மழைக்குத் தவளைக் கல்யாணம் நடத்துவது என்று தீர்மானித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண் தவளை ஒன்று, பெண் தவளை ஒன்று பிடித்து, மஞ்சள் பூசி, மஞ்சள் கயிறு கட்டி, மேளத்தோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவார்கள். மனுசக் கல்யாணம் மாதிரியே மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஊரில் கல்யாணம் பண்ணத் தவளையே இல்லை. கிணறு, குட்டை, ஓடை எல்லாம் தேடியும் ஒன்று அகப்படவில்லை. அப்போது யாரோ, கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் சாக்குச் சாக்காகத் தவளை வாங்குகிற இடம் இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெண்ணின் தகப்பனார் எழுந்து, “அட, நம்ம சம்பந்தி ஊருல்ல அது. மாப்பிள்ளைகிட்டச் சொன்னா கையோட வாங்கிக் குடுத்துருவாரு” என்று பெருமையாகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாராம். இது அம்மாவிடம் அவரே சொன்னது. ஊர்க்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் இறங்கிவிட்டார். விசயத்தைக் கேட்டதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி தோட்டத்துக்குப் போயிருக்கான், வர நேரமாகும், சாப்பிட்டுப் போங்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. அவர்கள், மாப்பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்ய, நாங்களே கேட்டுக்கொண்டு போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். டீக்கடையில் தவளை வாங்குகிற இடம் எது என்று கேட்டால் சொல்ல மாட்டார்களா? வாய்க்காலோட போங்க, தகரக் கொட்டகை என்று கை காட்டி விட்டார்கள்.

வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருக்கும்போது கூட வந்த இரண்டு பேருக்கும் தண்ணீரைப் பார்த்ததும் ஆசை தாங்கவில்லை. எத்தனை மாசமாயிற்றோ ஓடுகிற தண்ணீரைப் பார்த்து. சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். நீங்கள் குளியுங்கள், நான் போய்ப் பேசி வைக்கிறேன் என்று இவர் மட்டும் முன்னால் நடந்து வந்தார்.

நாங்கள் அப்போது தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். சின்னத் தவளையைக் கம்பெனி எடுக்காது. அதைத் திரும்ப வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். மாமா சாக்குக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தார். கையைச் சாக்கிலிருந்து எடுத்தால் தவளை குதித்துவிடும், எடுக்காவிட்டால் மரியாதையில்லை. அப்படியே பாதி எழுந்து, பாதி குனிந்து நின்றார்.

பெரியவர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். சாக்குகள் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“திராட்சை எங்கன?” என்றார்.

“திராட்சை இல்லைங்கய்யா. இதுதேன்.”

மாமா வேறெதுவும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அத்தனை மாசம் தொண்டையில் நின்றது ஒருவழியாக வெளியே வந்த மாதிரி அவர் முகம் தெளிந்துகூடப் போயிற்று. பெரியவர் சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் உள்ளே வந்து ஒரு சாக்கின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். விதை வாங்கப் போன இடத்தில் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். எங்கே போகிறது, யார் தின்கிறார்கள், கெட்டுப் போகாதா என்று கேட்டார். மாமா நான் கொச்சியில் பார்த்து வந்து சொன்னதையெல்லாம் தான் பார்த்தது போலச் சொன்னார். உப்புத் தண்ணீர், வெட்டு, தோல் உருவுவது, பெட்டி, இரும்புத் தட்டு, குளிர் அறை, வெள்ளைக் கப்பல். நடுவில் குளிர் அறுந்து போகக் கூடாது என்பது வரைக்கும் சொன்னார்.

“அங்கன தவளையே கெடையாதா?” என்று பெரியவர் கேட்டார்.

“இருந்துச்சாம். தின்னு தீத்துட்டாகளாம்.”

“மழை பெய்யுதாமா?”

மாமா என்னைப் பார்த்தார். நான், வருசம் பூராவும் பெய்யுமாம் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

“அப்ப அவுக மழைக்குத் தவளை வேண்டியதில்ல” என்றார் பெரியவர். கிண்டலா, யோசனையா, தெரியவில்லை. பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னார். கை கால் ஊனமில்லாத சோடி ஒன்று வேண்டும். மாமா கையை மறுபடியும் சாக்குக்குள் விட்டுத் தேட ஆரம்பித்தார். அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பெரியவர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்து, முகத்தைத் திருப்பாமல், மிச்சத்தை என்ன செய்றீக என்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மாமா, உரத்துக்குப் போகும்போல என்று இழுத்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டு, “நான் பாத்ததில்லைங்கய்யா. இவன்தேன் போயி வாரான். நீ சொல்லு” என்று என்னைக் காட்டினார்.

வாய்க்கால் பக்கமிருந்து தண்ணீரில் விழுந்து எழுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பேரும் இப்போது வந்துவிடுவார்கள். அவர்கள் பார்த்துவிட்டால் பேச்சு இந்தக் கொட்டகையோடு நிற்காது. மழை ஏன் பெய்யவில்லை என்று ஊரே காரணம் தேடிக்கொண்டிருக்கிறது. காரணம் இவர் மருமகனாக வரப் போகிறவனின் சாக்கில் இருக்கிறது என்று ஆகிவிடும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

நான் சொன்னேன். கம்பெனிக்குப் பின்னால் குவித்து வைக்கிறார்கள். காக்கை கொத்துகிறது. சிலது உடனே சாகாமல் அசைந்துகொண்டு கிடக்கும். அப்புறம் தென்னந்தோப்புக்காரர்கள் வந்து அள்ளிப் போய் மரத்தடியில் குழி வெட்டிப் போடுகிறார்கள். அசைந்துகொண்டு கிடக்கும் என்றபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். அதை அவர் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்.

பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

“போன மாசம் எங்க உழவு மாடு ரெண்டையும் ஓட்டிக் குடுத்துட்டேன். கூளம் இல்ல, தண்ணி இல்ல, என்ன செய்ய? மாட்டு ஏவாரி குமுளி வழியா கேரளாவுக்குப் பத்திட்டுப் போனான். அதுல ஒண்ணு எம்பொண்ணு கையால தண்ணி குடிச்சு வளந்தது. எங்க போகுது, என்ன ஆகும்னு நான் அவன்கிட்டக் கேக்கல. கேட்டா ஓட்டிக் குடுத்திருக்க மாட்டேன்.”

மாமா தேடி எடுத்த சோடியை இரண்டு கையாலும் நீட்டினார். பெரியவர் வாங்கி, ஒவ்வொரு காலாக மெதுவாக நீட்டிப் பார்த்தார். ஆண், பெண் எது என்று கேட்டு, தொட்டித் தண்ணீரில் துண்டை நனைத்து, இரண்டையும் மூச்சு முட்டாதபடி பொதிந்துகொண்டார். கரையில் பேச்சுக்குரல் நெருங்கி வந்தது. ஈரத் தலையோடு இரண்டு பேரும் கொட்டகையைப் பார்த்துத்தான் வருகிறார்கள்; “என்ன மாமோய், கெடைச்சுச்சா?” என்று ஒருத்தர் தூரத்திலிருந்தே கேட்டார்.

பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே போய்த் தகரக் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியைப் போட்டார். உள்ளே இருட்டில் மாமாவும் நானும் சாக்குகளும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் நிதானமாகக் கேட்டது.

“கெடைச்சுருச்சுப்பா. இந்தக் கொட்டகை சும்மா பூட்டிக் கெடக்கு. மாப்பிள்ளையே வயல்ல எறங்கித் தேடிப் புடிச்சுக் குடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாக” என்று சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு பேரையும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தி, வந்த கரையிலேயே திருப்பி நடத்திக்கொண்டு போனார்.